கல்லூரி அணியிலிருந்து பயிற்றுநராக: கூடைப்பந்து ஆடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் கல்லூரி அணிகளில் ஆடுகிற மாணவ மாணவியர் இறுதியாண்டை நெருங்கும்போது ஏறக்குறைய ஒரே ஐயங்களோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று பட்டது. கேள்விகள் அவர்கள் கேட்ட பேச்சிலேயே இருக்கின்றன. மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை என்பதால் வரிசையாகப் படிப்பது உதவும்.

சார், காலேஜ் டீம்ல மூணு வருஷம் ஆடியிருக்கேன். அதை வெச்சே கோச் ஆகிட முடியுமா?

தொடங்க முடியும். மாலைநேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அழைக்கும் தனியார் பள்ளிகளோ குடியிருப்புச் சங்கங்களோ பெரும்பாலும் சான்றிதழ் எதையும் கேட்பதில்லை. ஆடத் தெரிந்த, நேரத்துக்கு வருகிற ஒருவர் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் அதே பள்ளி நாளை முழுநேரப் பணியிடம் ஒன்றை அறிவிக்கும்போது, ஆடிய அனுபவம் மட்டும் உள்ளவர் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தைக் கூட நிரப்ப முடியாமல் நிற்பார்.

ஆகவே இதை இரண்டு வேலைகளாகப் பார்க்க வேண்டும். ஒன்று, தகுதிச் சான்று. அதைப் படித்துப் பெறலாம். மற்றொன்று, தன் உடம்பு அறிந்த ஆட்டத்தை இன்னொருவர் உடம்புக்குக் கடத்தும் திறன். அது எந்தப் படிப்பிலும் முழுதாகக் கிடைப்பதில்லை, ஆடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே தொடங்கிவிட வேண்டியது. பலர் முதலாவதற்காக ஓடி இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

பி.பி.எட். படிக்கணுமா, என்.ஐ.எஸ். படிக்கணுமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டும் வெவ்வேறு கதவுகளுக்கு உரியவை. பி.பி.எட். என்பது இரண்டாண்டு உடற்கல்வி ஆசிரியர் பட்டம். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேண்டுமானால் இதுவே வழக்கமான வழி. அங்கே கூடைப்பந்து மட்டுமல்ல, தடகளம், கபடி, காலை வழிபாட்டு அணிவகுப்பு, விளையாட்டு விழா எல்லாம் உங்கள் பொறுப்பில் வரும். என்.ஐ.எஸ். என்று எல்லாரும் சொல்வது, பட்டியாலாவில் 1961-இல் தொடங்கப்பட்ட நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம் தரும் ஓராண்டுப் பயிற்றுநர் டிப்ளமோவை. அது ஒரே விளையாட்டில் ஆழமாகச் செல்வது. அரசு விளையாட்டு ஆணையங்களும் விளையாட்டு விடுதிகளும் பயிற்றுநர் பணிக்கு முதலில் பார்ப்பது இதைத்தான்.

கல்லூரி உடற்கல்வி இயக்குநராக விரும்பினால் கணக்கு வேறு. முதுகலை உடற்கல்விப் பட்டத்தில் 55 விழுக்காடு, நெட் அல்லது செட் எனப்படும் தேசிய, மாநில அளவிலான விரிவுரையாளர் தகுதித் தேர்வில் தேர்ச்சி அல்லது முனைவர் பட்டம், போட்டிகளில் கலந்துகொண்ட சான்று ஆகியவற்றோடு உடல்தகுதித் தேர்வும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி 30 வயதுக்குட்பட்ட ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டரும், பெண்கள் 8 நிமிடத்தில் 1,000 மீட்டரும் கடக்க வேண்டும். நெட் தேர்வுக்கு நாற்காலியிலேயே அமர்ந்து படித்துவிட்டு இந்த ஓட்டத்தில் மூச்சு வாங்கியவர்கள் உண்டு.

மூன்றையும் முடித்தவர்களும் இருக்கிறார்கள். எதை முதலில் என்று கேட்டால், வீட்டில் விரைவில் நிலையான வருமானம் தேவைப்படுகிறவர் பி.பி.எட்.டையும், கூடைப்பந்தை விட்டு வேறெதையும் நினைக்க முடியாதவர் டிப்ளமோவையும் முதலில் எடுப்பது பொருத்தம் என்பது என் கருத்து.

இங்க பக்கத்துலயே படிக்க வழி இல்லையா? பட்டியாலா வரைக்கும் போக வீட்டுல விட மாட்டாங்க.

உடற்கல்விப் பட்டத்துக்கு நம் பகுதி வசதியானதுதான். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறை இருக்கிறது. காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் முதுகலை உடற்கல்வியும் ஆய்வுப் படிப்பும் உண்டு. சென்னை வரை போகலாம் என்றால் நந்தனத்தில் ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும், மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன.

பயிற்றுநர் டிப்ளமோவுக்குப் பட்டியாலாவே தலைமையிடம். பெங்களூரு, கொல்கத்தா மையங்களிலும் சில விளையாட்டுகள் நடத்தப்படுகின்றன. எந்த மையத்தில் எந்த விளையாட்டு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ஓராண்டு வெளியூரில் தங்க முடியாதவர்களுக்கும் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கும் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை அதே நிறுவனம் நடத்துகிறது. அது டிப்ளமோவுக்கு மாற்று ஆகாது. ஆயினும் ஒரு பயிற்சியைத் திட்டமிடுவது எப்படி என்பதை முறையாகக் கற்க நல்ல தொடக்கம்.

நான் இன்ஜினியரிங். விளையாட்டுப் படிப்பு படிக்காதவனை யாரு சேர்த்துப்பாங்க?

பி.பி.எட். சேர எந்தப் பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றிருந்தாலும் போதும். மதிப்பெண் வரம்பும் போட்டிகளில் கலந்துகொண்ட சான்றும் உடல்திறன் தேர்வும்தான் தடைகள். டிப்ளமோவுக்கும் அப்படியே. பொறியியல் படித்தவர் ஆட்டத்தின் எண்களைத் தொகுத்துப் பார்ப்பதிலும் காணொளியை வெட்டிக் காட்டுவதிலும் மற்றவர்களை முந்திவிடுவார். இன்று அதற்குத் தேவை இருக்கிறது.

அமெரிக்காவில் பிராட் ஸ்டீவன்ஸ் என்பவர் பொருளாதாரம் படித்து, கல்லூரியில் ஆடி, மருந்து நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அதை விட்டுவிட்டு பட்லர் பல்கலைக்கழக அணியில் கடைநிலை உதவியாளராக நுழைந்தார். 2007-இல் தலைமைப் பயிற்றுநராகி 2010, 2011 என அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தச் சிறிய கல்லூரியைத் தேசிய இறுதியாட்டத்துக்குக் கொண்டு சென்றார். நம் ஊரில் வேலையை விடச் சொல்லி யாருக்கும் நான் அறிவுரை கூற மாட்டேன். மாலை ஐந்தரை மணிக்கு மேல் மைதானத்துக்கு வர முடிகிற வேலையாக இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் இரண்டையும் சேர்த்தே நடத்தலாம்.

சர்டிபிகேட் எல்லாம் வீட்டுல எங்கயோ கிடக்குது. அது அவ்வளவு முக்கியமா?

மிகவும் முக்கியம். மேலே சொன்ன எல்லாப் படிப்புகளின் சேர்க்கையிலும் விளையாட்டுச் சான்றுக்கு இடம் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளில் படிவங்களாகவே கேட்பார்கள்: நாட்டுக்காக ஆடியவர்களுக்குப் படிவம் 1, தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவர்களுக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்குப் படிவம் 3, தேசியப் பள்ளிப் போட்டியில் ஆடியவர்களுக்குப் படிவம் 4. பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர் படிவம் 3-ஐத் தம் பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில், படிப்பு முடிவதற்கு முன்பே கையொப்பம் பெற்றுவிட வேண்டும். ஐந்து ஆண்டு கழித்துப் போனால் கையொப்பமிட வேண்டியவர் ஓய்வு பெற்றிருப்பார், பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நல்லா ஆடினவன்தானே நல்ல கோச் ஆக முடியும்? நான் பெரும்பாலும் பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்தான் பெரும்பாலும் நல்ல பயிற்றுநர்களாக வருகிறார்கள். பந்து கைக்கு வந்தவுடன் இயல்பாக ஆடுகிறவருக்குத் தாம் என்ன செய்கிறோம் என்பது தெரியாது. வலக்கை லே-அப்பில், அதாவது ஓடிவந்து எழும்பி வளையத்தின் அருகிலிருந்து பந்தைப் போடுவதில், எந்தக் கால் முதலில் என்று ஒரு நல்ல ஆட்டக்காரரைக் கேட்டுப் பாருங்கள். எழுந்து நின்று ஒருமுறை செய்து பார்த்த பிறகுதான் ‘வலக்கால், இடக்கால், அப்புறம் எழும்பணும்’ என்பார். பத்து வயதுச் சிறுமிக்கு முதலில் தேவை அந்த விடைதான். அதைத் திணறித் திணறிக் கற்றவர் அவள் எந்த இடத்தில் திணறுகிறாள் என்பதை உடனே கண்டுவிடுவார். பெஞ்சில் அமர்ந்தவருக்கு இன்னொரு வசதி: அவர் முழு ஆட்டத்தையும், எதிரணி ஆளுக்கு ஆள் காப்பதை விட்டு இடத்தைக் காக்கும் ஜோன் முறைக்கு மாறும் கணத்தையும், தம் பயிற்றுநர் எப்போது டைம்-அவுட் கேட்கிறார் என்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்த்ததைக் குறித்து வைத்தவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம்.

வரலாறும் இதையே காட்டுகிறது. 1891-இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் பின்னர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராக இருந்தார். அவர் காலத்தில் அந்த அணி 55 ஆட்டங்களில் வென்று 60-இல் தோற்றது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநர்களில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் பெரும் பயிற்றுநரானார். ஆலனிடம் ஆடிய டீன் ஸ்மித் கல்லூரி அணியில் பெரும்பகுதி மாற்று ஆட்டக்காரராகவே இருந்தவர். பின்னாளில் வட கரோலினாவில் 36 ஆண்டுகள் பயிற்றுநராக இருந்து புகழ்பெற்றார். எரிக் ஸ்போல்ஸ்ட்ரா கல்லூரி அளவில் ஆடியவர், அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ.வில் ஆடியதே இல்லை. 1995-இல் மயாமி அணியில் காணொளிப் பிரிவில் நுழைந்து, 2008-இல் தலைமைப் பயிற்றுநராகி, 2012, 2013 ஆண்டுகளில் பட்டம் வென்றார்.

இதனால் ஆட்டத்திறன் தேவையில்லை என்று ஆகிவிடாது. செய்து காட்ட வராதவரைப் பிள்ளைகள் விரைவில் கண்டுகொள்வார்கள். அடிப்படைகளைச் சுத்தமாக, மெதுவாக, இரு கைகளாலும் செய்து காட்டத் தெரிந்திருந்தால் போதுமானது.

முதல்ல யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறது? எனக்கு காலேஜ் டீம்தான் புடிச்சிருக்கு, சின்னப் பசங்கன்னா பொறுமை இல்ல.

பொறுமை இல்லை என்பதற்காகவே சின்னப் பிள்ளைகளிடம் தொடங்க வேண்டும். கல்லூரி அணியில் உங்கள் பயிற்சி தவறாக இருந்தாலும் ஆட்டக்காரர்கள் தம் திறமையால் சமாளித்துவிடுவார்கள். தவறு உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் ஒரு சொல் கூடினாலும் கவனம் காக்கையைத் தேடிப் போய்விடும்.

சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் சரிசெய்ய வேண்டியது கருவிகளை. பெரியவர்களுக்கான வளையம் 3.05 மீட்டர் உயரம். மினி கூடைப்பந்தில் அது 2.60 மீட்டர், பந்தின் அளவு 5. ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 6 என்பது பலருக்குத் தெரியும். ஆனால் நம் பள்ளிகளில் ஒரே ஒரு 7-ஆம் எண் பந்தை வைத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இடுப்புக்குக் கீழிருந்து இரு கைகளாலும் அதை வீசுவதைப் பார்க்கலாம். அப்படிப் படிந்த ஷூட்டிங் பழக்கத்தை மாற்றப் பிறகு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. தாழ்த்த முடியாத வளையமாக இருந்தால், சுவரில் சாக்பீஸால் ஒரு கட்டம் வரைந்து அதை நோக்கி எறியச் சொல்வதே மேல்.

இருபது பிள்ளைகளுக்கு ஒரு பந்து என்றால் ஒவ்வொருவரும் பந்தைத் தொடும் நேரத்தைவிட வரிசையில் நிற்கும் நேரம்தான் மிகுதி. பந்து குறைவாக இருக்கும் இடத்தில் மூவருக்கு மூவர் என்று சின்ன ஆட்டங்களாகப் பிரித்துப் பல மூலைகளில் ஆடவிடுங்கள். பந்து இல்லாதவர்களுக்குப் பாதநகர்வு, நின்று திரும்புதல், காவல் நிலை ஆகியவற்றைக் கொடுங்கள். பொறுமையைப் பற்றிக் கேட்டீர்கள். வரிசையில் நிற்க வைக்காத பயிற்றுநருக்குப் பொறுமை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

ரெஃப்ரீ எக்ஸாம் எழுதுன்னு எங்க பி.டி. சார் சொல்றார். நான் கோச் ஆகப் போறவன், எனக்கு எதுக்கு அது?

அவர் சொல்வதைக் கேளுங்கள். பயிற்றுநராக விரும்பும் கல்லூரி ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் மிக மலிவான படிப்பு, மாவட்டப் போட்டிகளில் டேபிளில் அமர்ந்து ஸ்கோர்ஷீட் எழுதுவதும் விசிலைப் பிடித்து ஓடுவதும்தான். ஆடும்போது ஊகமாக அறிந்திருந்த விதிகள் அங்கே எழுத்துப்படி தெரியவரும்.

பயிற்றுநருக்கென்றே பல விதிகள் இருக்கின்றன. ஆட்டம் தொடங்க 40 நிமிடத்துக்கு முன் அணிப் பட்டியலைத் தர வேண்டும். 10 நிமிடத்துக்கு முன் அதை உறுதிசெய்து கையொப்பமிட்டு முதல் ஐவரைக் குறிக்க வேண்டும். டைம்-அவுட் முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. அந்த மூன்றில் கடைசிக் கால்பகுதியின் இறுதி 2 நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. மூன்றையும் கடைசிக்கென்று சேமித்து வைக்கிற இளம் பயிற்றுநர் ஒன்றை இழப்பது இதனால்தான். தம் சொந்த நடத்தைக்காக இரண்டு டெக்னிக்கல் ஃபவுல் பெற்றால் பயிற்றுநர் வெளியேற வேண்டும்.

விதிகள் மாறியும் வருகின்றன. மூன்று புள்ளிக் கோடு 2010 முதல் 6.75 மீட்டர். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைத் தாக்கும் அணியே மீண்டும் எடுத்தால் (ரீபவுண்ட்), அடுத்த ஷாட்டுக்கு 24 அல்ல, 14 விநாடிதான் என்பது 2014-இல் வந்தது. ஓட்டத்தில் பந்தைப் பிடிக்கும் கணத்தில் தரையில் இருக்கும் காலை எண்ணாமல் அதற்குப் பின் இரண்டு அடி என்ற டிராவலிங் (பந்தோடு விதியை மீறி அடியெடுத்தல்) விளக்கம் 2017 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கிறது. பழைய முறையில் கற்ற பயிற்றுநர் எதிரணி செய்வதை ‘டிராவல், டிராவல்’ என்று கத்திக்கொண்டிருக்க, அவர் பிள்ளைகள் மட்டும் ஓரடி குறைவாக எடுத்து ஷூட் செய்வார்கள்.

ஒரு நாள் பிராக்டிஸை எப்படிப் பிரிச்சு வைக்கிறது? எங்க கோச் வந்தவுடனே பத்து ரவுண்டு ஓடச் சொல்லுவார், அப்புறம் மேட்ச்தான்.

ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் கால் மணி, பந்தோடு சேர்ந்த உடல் சூடேற்றம். கணுக்கால், முழங்கால் தாங்கும் வகையில் குதித்து இறங்கும் பயிற்சி இதிலேயே சேரட்டும். அடுத்து ஒரே ஒரு புதிய விஷயம்: இன்று ஸ்கிரீன் போடுவது (சக ஆட்டக்காரரைக் காப்பவரின் வழியில் நின்று மறிப்பது) என்றால் அது மட்டும். பிறகு அந்த விஷயம் தேவைப்படும்படி அமைத்த சின்ன ஆட்டம், அதன்பின் முழு ஆட்டம், களைத்த நிலையில் ஃப்ரீ த்ரோ. ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் ஓட்டத்தையே பிள்ளைகள் வெறுப்பார்கள். முழுக் கோர்ட் ஆட்டத்தில் ஓட்டம் தானே வந்துவிடுகிறது.

நம் கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை உலராது, உடல் சூடு இறங்காது. ஏப்ரல், மே மாதங்களில் சிமெண்ட் கோர்ட் மாலை ஐந்து மணிக்கும் சுடும். தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும் என்று தடுப்பது பழைய பழக்கம். கால் மணிக்கொரு முறை குடிக்க விட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் திறந்தவெளி கோர்ட்டுகள் பல நாள் பயன்படாது. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று புயல்கள் கரை கடந்த பகுதி இது. ஆண்டுத் திட்டம் எழுதும்போதே மழைக்காலத்துக்கு வராந்தாவில் செய்யக்கூடிய பந்துக் கையாளலையும் வகுப்பறையில் பார்க்கக்கூடிய காணொளியையும் எழுதி வையுங்கள். கோர்ட் காய்ந்ததாகத் தோன்றினாலும் பாசி பிடித்த மூலையைத் தேய்த்துக் கழுவாமல் யாரையும் ஓடவிட வேண்டாம்.

சார், நான் பொண்ணு. பசங்க டீமுக்கு கோச்சா போனா மதிப்பாங்களா? இல்ல, கேர்ள்ஸ் டீம் மட்டும்தானா?

பெண்கள் அணிகளுக்கே பெண் பயிற்றுநர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லை என்பதால் அங்கே உங்களுக்கு உடனடித் தேவை இருக்கிறது. வெளியூர்ப் போட்டிக்கு மகளை அனுப்பும் பெற்றோர் முதலில் கேட்பது ‘கூட லேடி கோச் யாராவது வர்றாங்களா’ என்றுதான். அதற்காக அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை. சிறுவர்கள், யாரிடம் கற்றால் தங்கள் ஆட்டம் முன்னேறுகிறதோ அவரை மதிக்கிறார்கள். தயக்கம் பெரும்பாலும் நிர்வாகத்தில்தான் இருக்கிறது.

பாட் சம்மிட் 1974-இல் 22-ஆம் வயதில் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்றுநரானார். ஏறக்குறைய அவர் வயதை ஒட்டிய ஆட்டக்காரர்களே அணியில் இருந்தார்கள். வேனையும் அவரே ஓட்டினார், சீருடையையும் அவரே துவைத்தார். ஓய்வு பெறும்போது 1,098 வெற்றிகளும் எட்டு தேசியப் பட்டங்களும் அவர் கணக்கில் இருந்தன. நம் பக்கத்தில், சென்னையின் அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கி 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். பெண்கள் கூடைப்பந்தைப் பொழுதுபோக்கு என்று நினைக்கும் உறவினர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லலாம்.

எனக்கு ஊர் கடலூர், படிச்சது பாண்டிச்சேரி. எந்தப் பக்கம் போறது நல்லது?

இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருந்தாலும் விளையாட்டு நிர்வாகத்தில் இவை இரண்டு வேறு மாநிலங்களைப் போன்றவை. கடலூர், தமிழ்நாடு கூடைப்பந்துக் கழகத்தின் கீழும், 1992-இல் அமைந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கீழும் வருகிறது. மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கம் அதன் மாவட்ட மையம். புதுச்சேரிக்குத் தனிச் சங்கம், தனி அணி. காரைக்கால், மாஹே, ஏனாம் பகுதிகளும் அதில் அடக்கம்.

புதுச்சேரியில் பரப்பு சிறியது. ஓர் இளம் பயிற்றுநரின் முகம் விரைவில் தெரிந்துவிடும், உப்பளம் மைதானத்தில் நடக்கும் தேர்வு முகாம்களில் உதவியாளராக நுழைவதும் எளிது. தமிழ்நாட்டுப் பக்கம் போட்டி கடுமையானது. ஆனால் விளையாட்டு விடுதிகள், முதலமைச்சர் கோப்பை, சென்னையின் வங்கி, ரயில்வே அணிகள் என்று அடுத்தடுத்த படிகள் மிகுதி. அரசு வேலைக்கு இருப்பிடச் சான்று எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே பெரும்பாலும் முடிவாகிவிடும். தனியார் பள்ளிப் பணிக்கு இந்த எல்லை பொருட்டல்ல. ரெட்டிச்சாவடி தாண்டித் தினமும் பேருந்தில் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாசம் எவ்வளவு வரும்?

அரசுப் பணி கிடைத்தால் ஊதிய அட்டவணைப்படி. தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியருக்கு மற்ற ஆசிரியர்களுக்கு நிகரான ஊதியமோ சற்றுக் குறைவோ தருவார்கள். பகுதிநேரப் பயிற்றுநருக்குப் பத்து மாத ஊதியம்தான். கோடை விடுமுறையில் முகாம் நடத்தி ஈடுசெய்வார்கள். தேர்வு மாதங்களில் பிள்ளைகள் வராததால் கட்டணமும் வராது என்பதைத் தொடங்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

சொந்தமா ஒரு அகாடமி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். என்னென்ன பார்க்கணும்?

இடத்துக்கான அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். தலைமையாசிரியரின் வாய்மொழி ஒப்புதல் அவர் மாறுதலாகிப் போகும் நாளோடு முடிந்துவிடும். வளையக் கம்பத்தின் அடிப்பகுதி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்து, பஞ்சு உறை சுற்றுங்கள். முதலுதவியும் இதயச் செயலிழப்பின்போது மார்பை அழுத்தும் முறையும் கற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆஸ்துமா, வலிப்பு போன்றவை உண்டா என்று பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள்.

பலர் பேசத் தயங்கும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் பிள்ளைகள் அனைவருக்கும் பொருந்தும். பிள்ளைகளின் நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர் குற்றம் செய்தால் தண்டனை கூடுதல். குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே அந்தச் சட்டப்படி தண்டனைக்குரியது. ‘அகாடமி பெயர் கெட்டுவிடும்’ என்று மூடி மறைக்கும் உரிமை உரிமையாளருக்கு இல்லை. தொட்டுத் திருத்த வேண்டிய இடங்களில் செய்து காட்டித் திருத்துவது, ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்காமல் இருப்பது, நள்ளிரவுத் தனிச்செய்திகளைத் தவிர்த்துப் பெற்றோர் உள்ள குழுவிலேயே தகவல் சொல்வது, 1098 என்ற சிறார் உதவி எண்ணைப் பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் எழுதி வைப்பது ஆகியவை முதல் நாளிலிருந்தே நடைமுறையாக வேண்டும்.

போன வருஷம் வரைக்கும் கூட ஆடினவங்களுக்கே இப்ப அசிஸ்டன்ட் கோச். ‘டேய் மச்சான்’னுதான் கூப்பிடறாங்க, சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க.

மச்சான் என்று அழைப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அதைத் தடுத்தால் முதுகுக்குப் பின் வேறு பெயர் வரும். மைதானத்துக்குள் மட்டும் ஒழுங்கு என்று தலைமைப் பயிற்றுநர் முன்னிலையில் ஒருமுறை பேசி வையுங்கள். உங்களிடம் அணித் தேர்வில் ஒரு குரல் இருந்தால் நெருங்கிய நண்பர் யாரையும் பற்றிய கருத்தை எழுத்தில் கொடுங்கள்: எத்தனை ஷாட்டில் எத்தனை விழுந்தது, காவலில் எத்தனை முறை ஆளை விட்டார் என்று. எண்ணைக் காட்டிப் பேசினால் நட்பு தப்பிக்கும், முடிவும் நியாயமாக இருக்கும்.

அவர்கள் கேட்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். நேற்று வரை சக ஆட்டக்காரராகச் சொன்ன ‘பாஸ் பண்ணுடா’ என்பதையே இன்றும் சொல்லிக்கொண்டிருந்தால் அது பயிற்சி ஆகாது. யாருக்கு, எப்போது, எந்தக் கையால் என்று சொல்லத் தொடங்கும்போது அவர்கள் நின்று கேட்பார்கள். பெஞ்சில் இருந்து குறித்து வைத்ததைப் பற்றி மேலே சொன்னேன். அந்தக் குறிப்பேடு இங்கேதான் பயன்படும்.

எங்க சீனியர் கோச் சொல்றது தப்புன்னு எனக்கே தெரியுது. எதிர்த்துப் பேசலாமா?

பிள்ளைகள் முன்னிலையில் கூடாது. பயிற்சி முடிந்தபின் ‘சார், இதை இப்படிச் செஞ்சு பாக்கலாமா, ஒரு வாரம் மட்டும்’ என்று கேட்டால் பெரும்பாலான மூத்தவர்கள் இடம் கொடுப்பார்கள். விதி பற்றியது என்றால் விதிப்புத்தகத்தின் பக்கத்தைக் காட்டுங்கள், விவாதம் தேவைப்படாது. அடிப்பது, காயத்தோடு ஆட வைப்பது, பெயர் தெரியாத மாத்திரை கொடுப்பது ஆகியவை மட்டும் காத்திருக்கக் கூடாதவை. அன்றே நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும்.

3×3-க்கு கோச்சே வேணாம்னு சொல்றாங்களே, நிஜமா?

மூவருக்கு மூவர் ஆடும் 3×3-இல் ஆட்டத்தின்போது வேண்டாம் என்பது உண்மை. டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்ற அந்த வடிவத்தில் மாற்று ஆட்டக்காரரோடு சேர்த்து அணிக்கு நால்வர், அரைக் கோர்ட், 10 நிமிடம் அல்லது 21 புள்ளி, ஒவ்வொரு ஷாட்டையும் எடுக்க 12 விநாடிக் கெடு. பயிற்றுநர் கோர்ட்டில் இருக்கவோ பார்வையாளர் வரிசையிலிருந்து கட்டளை சொல்லவோ விதி இடம் தருவதில்லை. மாற்று ஆட்டக்காரரை எப்போது இறக்குவது என்பதையும் ஆடுபவர்களே முடிவு செய்கிறார்கள்.

அதனால் பயிற்றுநரின் வேலை முழுதும் முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் நின்று ஒவ்வொரு பாஸுக்கும் கத்திப் பழகியவரின் அணி 3×3-இல் திகைத்து நிற்கும். மாதத்தில் ஒரு நாள் உங்கள் ஐவர் அணியையும் இப்படி ஆடவிட்டு, நீங்கள் வாய் திறக்காமல் ஓரமாக அமர்ந்து பாருங்கள். எதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள் என்பது அப்போது தெரியும்.

ஆடறதை நிறுத்திட்டுத்தான் கோச் ஆகணுமா? ரெண்டும் சேர்த்துப் பண்ண முடியாதா?

பண்ணலாம். மேலே சொன்ன ஸ்போல்ஸ்ட்ரா ஜெர்மனியில் ஒரு சிறிய கழகத்தில் ஆடிக்கொண்டே பயிற்றுவித்தவர். பாட் சம்மிட் டென்னசியின் பயிற்றுநராக இருந்தபோதே 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். விதியிலும் இடம் இருக்கிறது: தலைமைப் பயிற்றுநரும் முதல் உதவிப் பயிற்றுநரும் இல்லாத நிலையில் அணித்தலைவரே ஆடும் பயிற்றுநராகச் செயல்படலாம்.

ஆனால் ஒரே அணியில் இரண்டையும் செய்வது கடினம். ஆடும்போது உங்கள் கண் பந்தின் மீதும் உங்கள் ஆளின் மீதும் இருக்கும். மூன்றாவது ஃபவுல் வாங்கிய சென்டரை வெளியே எடுக்க வேண்டும் என்பது நான்காவது விழுந்த பிறகுதான் நினைவுக்கு வரும். சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கழக அணிக்கு ஆடுவது நல்ல ஏற்பாடு. இரண்டின் போட்டித் தேதிகளும் மோதினால் எந்தப் பக்கம் போவீர்கள் என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே இரு அணிகளுக்கும் சொல்லிவிடுங்கள்.